சிவந்த தண்ணீருக்கு ஒரு தேங்காய்

யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் என் வீட்டுக்காரர் முதல் வாயை உடனே விழுங்க மாட்டார். கன்னத்தில் ஒதுக்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு அப்புறம்தான் உள்ளே விடுவார். சொந்தக்காரர் விசேஷங்களில் இதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க மாப்ள, எங்கூட்டுத் தண்ணியில நாங்க என்ன வெசமா கலந்து வெச்சிருக்கறோம்?" என்று கேலி பேசுவார்கள். இவர் சிரித்து மழுப்புவார். எனக்குச் சுருக்கென்று இருக்கும். அவர்களிடம் சொல்லி விளங்க வைக்கிற கதை இல்லை என்பதால் நானும் பந்தியில் அடுத்த பலகாரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன்.

எங்கள் வீடு வெண்ணந்தூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. நான் வீட்டோடு இரண்டு விசைத்தறி போட்டு வெள்ளைத் துண்டு ஓட்டுகிறேன். இவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். வண்டி என் அண்ணனுடையது. தை முடிந்து வடக்கே கிளம்பினால், மழை பிடித்து வேலை நின்ற பிறகுதான் ஊர் திரும்புவார்கள். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் குடும்பம் பாதி வருஷம் போனிலேயே நடந்திருக்கிறது. அதைப் பற்றிப் புலம்ப எனக்கு நேரமும் இருந்ததில்லை, தறிச் சத்தத்தில் புலம்பினால் யாருக்கும் கேட்கவும் கேட்காது.

இவரிடம் இன்னொரு வித்தை உண்டு. போர் போட பாயிண்ட் பார்ப்பார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு தோட்டங்காட்டுக்குள் நடப்பார். நீரோட்டம் இருக்கிற இடத்துக்கு வந்ததும் காய் மெல்ல எழுந்து நிற்கும். அது உண்மையா பொய்யா என்று என்னிடம் கேட்காதீர்கள். ராசிபுரத்திலிருந்து எடப்பாடி வரைக்கும் இவர் பார்த்துச் சொன்ன இடங்களில் தண்ணீர் வந்தது, சுற்றுவட்டாரத்தில் இவருக்கு அதனால் ஒரு மரியாதை இருந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இங்கே பூமிக்குள் எல்லாம் கரும்பாறை. பாறையில் எங்காவது பிளவு இருந்தால்தான் தண்ணீர். பாறையை இடித்துக்கொண்டே இறங்குகிற ஹேமர், திடீரென்று பிடிமானம் விட்டுச் சரக்கென்று வழுக்கினால் வண்டியில் இருக்கிற எல்லோரும் "கேப்பு விழுந்துருச்சு" என்று கூவுவார்கள். கேப்பு என்றால் பிளவு. தண்ணீர் மேலே வரும்வரைகூடக் காத்திருக்க மாட்டார்கள். அங்கேயே தேங்காய் உடைத்துவிடுவார்கள். கேப்பு விழுந்தால் தண்ணீர் என்பதில் எங்கள் ஆட்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் ஜார்க்கண்டில் ஒரு சின்ன ஊரைப் பாழாக்கியது.

அந்த ஊர்க்காரர்கள் குடிதண்ணீருக்கென்று போர் போடக் கூப்பிட்டிருந்தார்கள். பள்ளத்தில், குளத்துக்கு மேல்பக்கம், இவர் கையில் காய் எழுந்து நின்றது. போட்டுக்கொண்டே போகும்போது ராடு ஓர் ஆள் உயரத்துக்கு ஒரே வீச்சில் இறங்கியதாம். எங்கள் ஊர்ப் பாறையில் பிளவு என்றால் விரல் கனம் இருக்கும், மிஞ்சினால் கை கனம். ஆள் உயரத்துக்குப் பிளவு எப்படி இருக்கும் என்று ஒருவரும் நின்று யோசிக்கவில்லை. கூவினார்கள், உடைத்தார்கள். மோட்டார் இல்லாமலே தண்ணீர் குழாய் வழியாகப் பொங்கி வெளியே வழிந்தது. கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீர். ஊர்ப் பெண்கள் இவர் நெற்றியில் குங்குமம் வைத்து ஆரத்தி எடுக்கிற வீடியோ எனக்கு வந்தது. தறியை நிறுத்திவிட்டு அதைத் தெரு முழுக்கக் காட்டினேன். பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அது பிளவு இல்லை. எந்தக் காலத்திலோ தோண்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன நிலக்கரிச் சுரங்கத்தின் பாதை. மண்ணுக்குள் ஊருக்கு அடி வரைக்கும் அது வந்திருப்பது அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை. அதில் வேலை செய்தவர்களும் இப்போது அங்கே இல்லை, வெட்டிவிட்டு விட்டுப்போனவர்களும் இல்லை. உள்ளே வருஷக்கணக்காக நிறைந்து நின்ற தண்ணீர், வழி கிடைத்ததும் மேலே வந்துவிட்டது. கரிப்பாறையில் இருக்கிற கந்தகமும் இரும்பும் அதில் கரைந்திருக்கும். குழாயை விட்டு வரும்போது தெளிவாகத்தான் இருக்கும். காற்றுப் பட்டுக் கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் துருப்பிடித்துச் சிவக்கும். இதெல்லாம் பின்னால் நாங்கள் தெரிந்துகொண்டது.

வண்டி அடுத்த ஊரில் நிற்கும்போதே இவருக்குப் போன் வந்துவிட்டது. திரும்பிப் போய்ப் பார்த்தால் வாய்க்கால் முழுக்கச் செங்காவிச் சேறு. குளத்தில் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. வாயில் விட்டால் புளிப்பும் துருவும். அந்தக் குளம்தான் அந்த ஊருக்குக் குளிக்க, துவைக்க, மாட்டுக்கு, மீனுக்கு, எல்லாவற்றுக்கும்.

அண்ணன் என்னைப் போனில் கூப்பிட்டுச் சொன்னது: "அம்மிணி, போர் போட்டுக் குடுக்கறதுதான் நம்ம தொழிலு. பூமிக்குள்ள எவனோ குழி வெட்டி வெச்சிருந்தா அதுக்கு நாமளா பொறுப்பு? மாப்ளைகிட்ட நீயாச்சும் சொல்லு. வண்டி நாளைக்கு ஒடிசா பக்கம் கெளம்புது."

வண்டி கிளம்பியது. இவர் ஏறவில்லை. நான் போனில் கத்தினேன்.

"ஏனுங்க, அந்த ஊர்க்காரங்க உங்களைப் புடிச்சு வெச்சிருக்கறாங்களா?"

"இல்ல புள்ள. புடிச்சு வெச்சிருந்தா எப்படியாச்சும் தப்பிச்சு ஓடி வந்திருப்பேன்."

இப்படிப் பேசுகிற மனுஷனிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? போனை வைத்துவிட்டேன்.

முதலில் குழியின் வாயை சிமெண்ட் கலவை ஊற்றி அடைத்தார். கொஞ்ச நாள் வாய்க்கால் காய்ந்தது. பிறகு ஒருநாள் குழிக்குப் பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையின் தரை ஊறி, அங்கிருந்து சிவப்பாகக் கசிய ஆரம்பித்தது. உள்ளே நிறைந்து நெருக்குகிற தண்ணீருக்கு ஏதோ ஒரு வழி வேண்டும். தான் அடைத்ததைத் தானே உடைத்துத் திறந்துவிட வேண்டியதாயிற்று. அங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிற என்ஜினியர் ஒருவர் ஊர்க்காரர்கள் கூப்பிட்டு வந்து பார்த்துவிட்டு, தண்ணீரில் இருக்கிற அமிலத்தைச் சுண்ணாம்புக்கல் முறிக்கும், அதற்குப் பிறகு இரும்பு தானாகக் குட்டையில் படியும் என்று சொன்னார். அவர் சொன்னதில் பாதியைக் கேட்டதுமே இவருக்குப் பொறுமை போய்விட்டது. சங்ககிரி பக்கம் கல்குவாரி ஓரத்தில் வளர்ந்தவர், சுண்ணாம்புக்கல் என்றால் தனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. திறந்த வாய்க்காலில் கல்லைக் கொட்டி நிரப்பினார். சில வாரம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் பழையபடி புளிப்பு ஏறிவிட்டது.

அந்த ஐப்பசியில் ஊருக்கு வந்தவர் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து வைத்தார். செங்கல் நிறம். துவைக்கிற கல்லின்மேல் வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டார். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது.

"பாரு, உள்ளுக்குள்ள அத்தனையும் சுண்ணாம்புதான். மேல துரு மூடிக்கிச்சு. ஒண்ணும் பண்ண முடியாம அப்படியே கெடக்குது."

அந்தத் தடவை ஊரில் இருந்த நாளெல்லாம் இவர் அந்தக் கல்லைப் போலத்தான் இருந்தார். கேட்டால் பதில் வரும், தானாக ஒரு சொல் வராது. எடப்பாடியிலிருந்து ஒரு விவசாயி தேங்காயோடு பைக்கில் வந்து, காட்டுக்குப் பாயிண்ட் பார்த்துக் கொடுக்கச் சொல்லி வாசலில் நின்றார். "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வந்தவர் என்னைப் பார்த்தார். நான் எதைச் சொல்வது? தெரியாதாம். இருபது வருஷமாக ஊரே அழைத்துப் போன ஆளுக்கு ஒன்றும் தெரியாதாம். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் தறியில் இழை அறுந்ததைக்கூடக் கவனிக்காமல் ஒரு துண்டு முழுக்கப் பாழாக்கினேன். உண்மையில் அது கோபம் இல்லை, பயம். இந்த மனுஷன் இனிமேல் எனக்குத் திரும்பக் கிடைக்க மாட்டாரோ என்ற பயம்.

தை பிறந்ததும் மறுபடி கிளம்பிவிட்டார். மாசியில் நான் மகளை அண்ணி வீட்டில் விட்டுவிட்டுச் சேலத்தில் ரயில் ஏறினேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. கையைப் பிடித்து இழுத்தாவது கூட்டி வரவேண்டும் என்றுதான் போனேன். வழியெல்லாம் என்ன பேசுவது, எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது கொடியில் காய்ந்த துண்டுகள். வீட்டுக்கு வீடு காவி நிறத் துண்டு. கரையைப் பார்த்ததும் என் தறியில் ஓடியது என்று தெரிந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் நான் இவருக்குக் கட்டிக் கொடுத்த வெள்ளைத் துண்டுகள். இவர் அதை ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறார், அந்தத் தண்ணீரில் அலசி அலசிக் காவி அப்படி ஏறியிருக்கிறது. சாயப்பட்டறைக்காரர் எவ்வளவு மெனக்கெட்டாலும் இப்படிப் போகாத சாயம் ஏற்ற முடியாது. ஒன்றைக் கையில் எடுத்துக் கசக்கிப் பார்த்தேன். அப்படியே நின்றது.

இவர் இருந்த வீட்டுப் பெண் எனக்குக் குடிக்கச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். விருந்தாளி என்று இன்னொரு சொம்பு கொண்டுவந்து அவளே என் காலிலும் ஊற்றினாள். வெயிலில் வந்த காலுக்கு அது இதமாக இருந்தது. சாயங்காலம் வெளியே உட்கார்ந்திருந்தபோதுதான், மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெண்கள் தலையில் நல்ல தண்ணீர்க் குடத்தோடு வரிசையாக இறங்கி வருவதைப் பார்த்தேன். அவளும் வந்தாள். எனக்கு அந்தக் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

குடத்தை இறக்கிவிட்டு அவளே என்னைக் கூட்டிப் போனாள். அங்கே இவர் இடுப்பளவு சேற்றில் நின்று மண்வெட்டியால் குட்டையைத் தோண்டிக்கொண்டிருந்தார். கூட ஊர் ஆட்கள் சிலர். தலை முதல் கால் வரை எல்லோரும் ஒரே நிறம், அதனால் எந்த ஆள் என் ஆள் என்று உடனே பிடிபடவில்லை. என்னைப் பார்த்ததும் மேலே ஏறி வந்து, கையைத் துடைக்க ஒரு சுத்தமான இடம் தேடி, கிடைக்காமல் சும்மா நின்றார்.

"எப்ப வந்தே சாமி?"

வழியெல்லாம் பேச்சைச் சேர்த்து வைத்திருந்தேன். அழுகைதான் வந்தது.

கூட வந்த அந்த வீட்டுப் பெண் ஏதோ இந்தியில் சொன்னாள். என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். இவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சொரங்கம் வெட்டுனவங்க மொகத்தையே நாங்க பாத்ததில்ல. எத்தனையோ வருஷமா எங்க கெணறு கெட்டப்பவும் திட்டறதுக்கு ஓர் ஆளு கெடைக்கல. இவரு ஒருத்தருதான் திட்டு வாங்கறதுக்குன்னு இங்கயே நிக்கறாரு. அப்படிங்குது அந்தம்மா."

"திட்டுனாங்களா?"

"போன வருஷம் பூரா. இப்பல்லாம் சாப்பிட்டியான்னுதான் கேக்கறாங்க."

அதற்குமேல் நான் கூட்டிப் போகிற பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் அந்த என்ஜினியர் வந்தார். பொறுமைசாலி. முன்பு இவர் கேட்காமல் விட்ட மிச்சப் பாதியை மறுபடி முதலிலிருந்து சொன்னார். தண்ணீர் காற்றைப் பார்ப்பதற்கு முன்னால் கல்லைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் துரு கல்லின்மேல் படியாது. குழாயிலிருந்து தண்ணீரை வெளியே விடாமல் பூமிக்குள்ளேயே நீளமான ஒரு பள்ளத்துக்குக் கொண்டுபோய், அதில் சுண்ணாம்புக்கல்லை நிரப்பி, மேலே கெட்டியான விரிப்புப் போட்டு, களிமண்ணால் மெத்தி மூடிவிட வேண்டும். அந்தப் பக்கம் அமிலம் முறிந்து வெளியே வரும் தண்ணீரைக் குட்டை குட்டையாக நிறுத்தினால் இரும்பு அங்கே படியும். இவர் இந்த முறை கடைசி வரைக்கும் கேட்டார். எனக்குப் புரிந்ததெல்லாம் விரிப்பு மட்டும்தான்.

"லாரித் தார்ப்பாய் ஆவுமான்னு கேளுங்க" என்றேன்.

கேட்டார். கிழிசல் இல்லாமல் இரண்டு மூன்று மடிப்புப் போட்டால் ஆகும் என்றார் அவர்.

தார்ப்பாய்க்கு நாமக்கல்லில் பஞ்சமா? ஊருக்கு வந்ததும் லாரிப் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினேன். ஓட்டை விழுந்து மூலையில் போட்டிருந்த பழசுகளை, என்னத்துக்கம்மா என்று கேட்டுவிட்டுச் சும்மாவே கொடுத்தார்கள். செவ்வாய்ப்பேட்டையில் கோணி ஊசியும் சணல் நூலும் வாங்கி வந்தேன். தறிக்கு வருகிற பெண்களும் நானும் வாசலில் விரித்துப்போட்டு ஒட்டுப்போட்டோம். கையெல்லாம் கிரீஸ் நாற்றம், சோறு பிசைந்தாலும் போகாது. ஒருத்தி கேட்டாள்: "ஏனுங்கக்கா, பூமிக்குப் போர்வையா தெக்கறோம்?" ஆமாம் என்றேன், அதற்குக் குளிர்கிறதாம் என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குச் சிரித்தேன்.

வடக்கே லோடு ஏற்றிப் போகிற வண்டி ஒன்றில் அதை ஏற்றப் போனபோது, அண்ணன் பட்டறை ஆள் இரண்டு பேர் டெம்போவில், போர் குழிக்குள் இறக்குகிற பழைய கேசிங் பைப்புகளைக் கொண்டுவந்து அதே வண்டியில் ஏற்றினார்கள். அண்ணன் வரவில்லை. போன் பண்ணி என்னண்ணா என்று கேட்டேன். "பட்டறையில எடத்தை அடச்சுக்கிட்டுக் கெடந்துது அம்மிணி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவனுக்கு இதற்கு மேல் பேச வராது.

பள்ளத்தை மூடிய பிறகு தண்ணீர் மெல்ல மாறியது. முதல் குட்டை இன்றைக்கும் சிவப்புதான், அது சிவந்தால்தான் வேலை நடக்கிறது என்று அர்த்தம். இரண்டாவதில் நிறம் குறையும். மூன்றாவதில் சம்பங்கோரை நட்டு, அது புதராக மண்டிக் கிடக்கிறது. அதைத் தாண்டிக் குளத்தில் போய் விழுகிற தண்ணீரில் வானம் தெரிகிறது என்று இவர் வீடியோ அனுப்பினார். இந்தத் தடவை நான் அதைத் தெருவில் காட்டவில்லை. தனியாக உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஆனால் இது முடிகிற வேலை இல்லை. வருஷாவருஷம் கோடையில் குட்டையில் படிந்த சேற்றை அள்ளியாக வேண்டும், இல்லாவிட்டால் நிறைந்து குளத்துக்கு வழிந்துவிடும். கல் கரையக் கரையப் புதுக்கல் போட வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று என்ஜினியரிடம் கேட்டதற்கு, சுரங்கத்துக்குள் தண்ணீர் இருக்கிற வரைக்கும், நம் எல்லோருடைய காலத்துக்கும் பிறகும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டாராம். ஊர்க்காரர்களே இப்போது பாதிக்குமேல் செய்துகொள்கிறார்கள். இவர் போய்த்தான் ஆகவேண்டும் என்று இல்லை. போகிறார். மீதி நாளெல்லாம் அண்ணன் வண்டியில் ஓடுகிறார், தேங்காயை மட்டும் கையில் எடுப்பதில்லை. குளத்தில் விட்ட மீன்குஞ்சுகள் முதல் வருஷம் அன்றைக்கே செத்தன. அடுத்த வருஷம் சில நாள் தாங்கின.

போன வருஷம் தையிலேயே எங்கள் வீட்டு போர் வற்றிவிட்டது. அண்ணன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். இவர் பாயிண்ட் பார்க்க மறுத்துவிட்டதால் வேறொருவர் வந்து பார்த்தார். இறங்கிக்கொண்டே இருந்த ஹேமர் மத்தியானத்துக்கு மேல் ஒரு வழுக்கு வழுக்கியது. "கேப்பு விழுந்துருச்சு" என்று பையன்கள் கூவினார்கள். அண்ணன் தேங்காயை எடுத்து இவரிடம் நீட்டினான்.

"ஒடைங்க மாப்ள."

"இருக்கட்டும் மச்சான். பொறவு பாத்துக்கலாம்" என்றார்.

தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீராகத்தான் தெரிந்தது. வண்டிக்காரர்கள் ஆளுக்கொரு கை அள்ளிக் குடித்தார்கள். இவர் ஒரு வெள்ளை வாளி நிறையப் பிடித்து வாசலில் திறந்தபடி வைத்தார். யாரும் தொடக்கூடாது என்றார். அண்ணனுக்கு எரிச்சல். மறுநாள் விடிந்ததும் குனிந்து வாளியின் அடியைப் பார்த்தார். கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. ஒரு வாய் எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கி, வைத்திருந்து, விழுங்கினார். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்.

"நல்ல தண்ணி புள்ள" என்றார்.

அண்ணன் மறுபடியும் தேங்காயை எடுத்தான். நான் வாங்கிக்கொண்டேன். உடைக்கவில்லை. அடுத்த வாரம் வடக்கே கிளம்ப இவர் கட்டி வைத்திருந்த பையைத் திறந்து, துண்டுகளுக்கு நடுவில் வைத்தேன்.

"அங்க கொளத்துல மீனு தங்குன அன்னிக்கு ஒடச்சுக்குங்க."

என்னை ஒரு பார்வை பார்த்தார். குனிந்து பையின் வாயைக் கட்டினார்.

மழை பிடித்ததும் திரும்பி வந்தார். அழுக்குத் துணி எடுக்கப் பையைத் திறந்தபோது காவி ஏறிய துண்டுகளுக்கு நடுவில் அந்தக் காய் அப்படியே இருந்தது. குடுமி உதிர்ந்திருந்தது. எடுத்து ஆட்டினால் தண்ணீர்ச் சத்தம் இல்லை. உள்ளே பருப்பு ஓட்டை விட்டுக் கழன்று கடகடவென்று உருண்டது. கொப்பரை.

இவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் காயோடு நிற்பதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அதை எண்ணெய் ஆட்டக் கொடுக்கிற சாக்குப் பையில் போட்டேன். தை வந்ததும் புதுக் காய் ஒன்றைப் பார்த்து, ஆட்டி, தண்ணீர் தளும்புகிறதா என்று கேட்டு, பைக்குள் வைத்தேன்.